பைக்குள் இருந்த மெழுகுவர்த்தி: திருச்சபை ஏற்காத மாதா காட்சிகளைப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

அக்டோபர் மாதம் முழுக்க எங்கள் பள்ளியில் மதிய இடைவேளையில் கெபி (மாதா சுரூபம் வைத்த குகை) முன்னால் ஜெபமாலை சொல்வோம். ஒரு நாள் ஜெபமாலை முடிந்து எல்லாரும் வகுப்புக்குக் கிளம்பிய பிறகும், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா?" என்றேன். பையைத் திறந்து காட்டினாள். கணக்கு நோட்டுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவில், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு மெழுகுவர்த்திகள். பிப்ரவரி 2ஆம் தேதி கோயிலில் மந்திரித்துக் கொடுத்தவை. ஒன்றில் திரி கருகியிருந்தது.

அவளுடைய அம்மாச்சியின் போனுக்கு ஓர் ஆடியோ வந்திருக்கிறது. மூன்று நாள் உலகம் முழுக்க இருண்டு போகுமாம். கரண்ட் இருக்காது, மந்திரித்த மெழுகுவர்த்தி மட்டும்தான் எரியும். ஜன்னலைத் திறந்து வெளியே பார்ப்பவர்கள் செத்துப்போவார்கள். விசுவாசம் இல்லாதவர்கள் வீட்டில் மந்திரித்த மெழுகுவர்த்தியும் எரியாது. இதெல்லாம் மாதா காட்சி கொடுத்துச் சொன்னது என்று அந்த ஆடியோவில் இருக்கிறது. பிள்ளை நான்கு ராத்திரியாகச் சரியாகத் தூங்கவில்லை. பள்ளியில் இருக்கும்போது இருட்டிவிட்டால் என்ன செய்வது என்றுதான் மெழுகுவர்த்தியைப் பையில் வைத்திருக்கிறாள். கடைசியில்தான் உண்மையான கேள்வி வந்தது. "மிஸ், எங்கப்பா இந்து. எங்க வீட்ல எரியுமா?"

இருபது வருடமாக மறைக்கல்வி எடுக்கிறேன். என்னை அந்த அளவுக்கு உலுக்கிய கேள்வி வேறில்லை. காட்சி உண்மையா பொய்யா என்று அவள் கேட்கவில்லை. மாதா பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையை அவள் அப்பாவிடமிருந்து பிரித்துவிட்டார்கள்.

"அதெல்லாம் பொய், வகுப்புக்குப் போ" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆரம்ப வருடங்களில் அப்படித்தான் சொல்வேன். ஆனால் டீச்சர் பொய் என்கிறார், அம்மாச்சி மாதா சொன்னது என்கிறார் என்றால் பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அம்மாச்சிதான் அவளுக்கு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொடுத்தவர். அவரைப் பொய்க்காரியாக்கிவிட்டு நான் எந்த விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்கப் போகிறேன்?

அதனால் உட்கார்ந்து பேசினேன். இந்த மூன்று நாள் இருட்டுக் கதை செல்போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஐரோப்பாவில் உலவியது. இத்தாலியப் புனிதர் பாத்ரே பியோ பெயரிலும் அப்படி ஒரு கடிதம் சுற்றுகிறது, அது அவர் எழுதியது அல்ல. திருச்சபை இதை ஒருநாளும் விசுவாசமாகக் கற்பித்ததில்லை. மெழுகுவர்த்தியை மந்திரிப்பது நாம் கடவுளை நினைப்பதற்காக, யார் வீட்டில் எரியலாம் என்று ஆள் பார்ப்பதற்காக அல்ல. இதையெல்லாம் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டு, சாயங்காலம் அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன். அன்று ராத்திரி அந்த மெழுகுவர்த்தியை அப்பாவே கொளுத்தினார். மறுநாள் அசெம்பிளி வரிசையில் நின்றுகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எரிஞ்சுது மிஸ்."

அதற்குப் பிறகுதான் உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் உயர்நிலை வகுப்புகளுக்கும் காட்சிகளைப் பற்றித் தனியாக இரண்டு பாடவேளை ஒதுக்க ஆரம்பித்தேன். பாடப்புத்தகத்தில் திருச்சபை ஏற்றுக்கொண்ட காட்சிகளான லூர்து இருக்கும், பாத்திமா இருக்கும். பிள்ளைகள் போனில் பார்ப்பதோ வேறு. கண்ணீர் வடிக்கும் சுரூபம், வானத்தில் தெரிந்த உருவம், 'இரகசியம்', 'எச்சரிக்கை', தேதி குறித்த தண்டனை என்று வந்துகொண்டே இருக்கும். நாம் பேசாமல் விட்டால் அந்த இடத்தை யூடியூப் எடுத்துக்கொள்ளும்.

முதல் பாடவேளையில் காட்சிக்கே போவதில்லை. கடவுள் சொல்ல வேண்டியதை எல்லாம் இயேசுவில் சொல்லி முடித்துவிட்டார் என்பதில்தான் தொடங்குவேன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 67ஆம் பத்தி இதைத் தெளிவாகச் சொல்கிறது. காலந்தோறும் வரும் தனிப்பட்ட வெளிப்பாடுகள், திருச்சபை ஏற்றுக்கொண்டவையாக இருந்தாலும், விசுவாசக் கருவூலத்தைச் சேர்ந்தவை அல்ல. கிறிஸ்துவின் வெளிப்பாட்டைத் திருத்துவதோ நிறைவு செய்வதோ அவற்றின் வேலை இல்லை. அந்தந்தக் காலத்தில் அதை முழுமையாக வாழ உதவுவதுதான் அவற்றின் வேலை. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2010இல் இன்னும் எளிமையாக எழுதினார்: தனிப்பட்ட வெளிப்பாடு நமக்குத் தரப்படும் ஓர் உதவி, அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதைச் சொன்னதும் வகுப்பில் எப்போதும் ஒரு சலசலப்பு வரும். "அப்போ லூர்து மாதாவை நம்பலைன்னா பாவம் இல்லையா மிஸ்?" பாவம் இல்லை. எனக்கு லூர்து மாதா மேல் அவ்வளவு பக்தி, இருந்தும் அப்படித்தான் பதில் சொல்கிறேன். ஏனென்றால் இந்த ஒன்று மனதில் நின்றுவிட்டால், அடுத்த ஆடியோ வரும்போது பிள்ளை பதறாது. லூர்தே கட்டாயம் இல்லை என்றால், யாரோ அனுப்பிய ஆடியோ எப்படிக் கட்டாயம் ஆகும்?

அடுத்தது 'ஏற்கப்படாத' என்ற சொல். இதில் பெரியவர்களுக்கே குழப்பம் இருக்கிறது. பிள்ளைகளிடம் விடைத்தாளை வைத்துக் கேட்பேன். இன்னும் திருத்தாத விடைத்தாளும், திருத்தி ஃபெயில் போட்ட விடைத்தாளும் ஒன்றா? இல்லை என்று உடனே கத்துவார்கள். சரி, இப்போது காட்சிகளைப் பாருங்கள் என்பேன்.

ஆம்ஸ்டர்டாமில் 1945 முதல் 1959 வரை 'அனைத்து நாடுகளின் அன்னை' என்ற பெயரில் ஒரு பெண்மணிக்குக் காட்சி கிடைத்ததாகச் சொன்னார்கள். இதில் ரோம் 1974லேயே எதிரான முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் உள்ளூர் ஆயர் ஒருவர் 2002இல் காட்சிகளை ஏற்றுக்கொண்டார். கடைசியில் 2024 ஜூலையில், அந்த 1974 முடிவை, அதாவது இது இயற்கைக்கு மேற்பட்டது அல்ல என்ற தீர்ப்பை, ரோமே வெளியிட்டது. இத்தாலியில் திரெவிஞானோ ரொமானோ என்ற ஊரில் மாதா சுரூபம் இரத்தக் கண்ணீர் வடித்தது, மாதம்தோறும் செய்தி வருகிறது என்று கூட்டம் கூடியது. அந்த மறைமாவட்ட ஆயர் விசாரித்து 2024 மார்ச்சில் அதே தீர்ப்பைச் சொன்னார். இவை திருத்தி முடித்த விடைத்தாள்கள்.

ஸ்பெயின் நாட்டில் கராபந்தால் என்ற மலைக்கிராமம் வேறு வகை. நான்கு சிறுமிகள் சொன்ன காட்சிகள் 1961 ஜூன் 18 அன்று தொடங்கி 1965 வரை நடந்தன. அந்தப் பகுதியின் சாந்தாந்தேர் மறைமாவட்ட ஆயர்கள் ஒருவர்பின் ஒருவராக, இயற்கைக்கு மேற்பட்டது என்று உறுதிசெய்ய எதுவும் கிடைக்கவில்லை என்றே சொல்லிவந்தார்கள். நம் போன்களுக்கு வரும் 'பெரிய எச்சரிக்கை', 'பெரிய அற்புதம்' பலவும் இங்கிருந்து கிளம்பியவைதான். கண் தெரியாத ஓர் அமெரிக்கருக்கு அந்த அற்புத நாளில் புதுக் கண் கிடைக்கும் என்று சொல்லப்பட்டிருந்தது. அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்து, 2014 ஜூன் 18 அன்று, முதல் காட்சியின் ஆண்டு நாளிலேயே, பார்வை இல்லாமலே இறந்துபோனார். இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அந்த மனிதரை நினைத்து எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். வாக்குறுதி கொடுக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

போஸ்னியா நாட்டின் மெட்ஜுகோரியேக்கு என் விடைத்தாள் உவமை பொருந்தவில்லை. அதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிடுவேன். 1981 ஜூனில் ஆறு பேர் மாதாவைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 1991இல் யூகோஸ்லாவிய ஆயர்கள், இதுவரை நடந்த விசாரணையை வைத்து இயற்கைக்கு மேற்பட்டது என்று சொல்ல முடியாது என்றார்கள். 2019இல் திருப்பயணங்களுக்கு அனுமதி வந்தது. 2024 செப்டம்பரில் திருப்பீடத்தின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை, அங்கே நடக்கும் பக்தி முயற்சிகளுக்குத் தடையில்லை என்று சொன்னது. போகலாம், ஜெபிக்கலாம், பாவசங்கீர்த்தனம் செய்யலாம். மாதா உண்மையிலேயே தோன்றினார் என்று மட்டும் தீர்ப்பு எழுதவில்லை. 2024 மே மாதம் வந்த புதிய விதிமுறைப்படி இனி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். காட்சி இயற்கைக்கு மேற்பட்டது என்று அறிவிப்பதை ஆயரோ ரோமோ வழக்கமாகச் செய்யப்போவதில்லை. 'தடையில்லை' என்பதில் தொடங்கி 'இது இயற்கைக்கு மேற்பட்டது அல்ல' என்பது வரை ஆறு விதமான முடிவுகள் இருக்கின்றன.

இந்த இடத்தில் எந்த வருடமும் தவறாமல் ஒரு கை உயரும். "அப்போ வேளாங்கண்ணி மிஸ்?"

இந்தக் கேள்விக்கு மழுப்பக் கூடாது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு முதல் மொட்டை அங்கேதான். பால் கொண்டுபோன சிறுவனிடம் மாதா பால் கேட்டது, நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான பையன் எழுந்து நடந்தது, புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8 அன்று கரை சேர்ந்தது, இந்த மூன்றும் வாய்வழி மரபாக நம்மிடம் வந்தவை. லூர்துக்குப் போட்டது போல ஆணையம் போட்டு, சாட்சி விசாரித்து, ஆயர் தீர்ப்பு எழுதிய காட்சிகள் அல்ல. அதனால் வேளாங்கண்ணி ஒரு படி இறங்கிவிடவில்லை. 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் ஆலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். 2024 ஆகஸ்டில் விசுவாசக் கோட்பாட்டுத் துறையிலிருந்து தஞ்சாவூர் ஆயருக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே விளையும் ஆன்மிகக் கனிகளையும், மற்ற மதத்தவரும் நம்பிக்கையோடு வந்து ஆறுதல் பெறுவதையும் பாராட்டிய கடிதம் அது. மெழுகுவர்த்தி ஆடியோ அந்தப் பிள்ளையின் அப்பாவை வெளியே தள்ளியது. வேளாங்கண்ணி மாதா அதே அப்பாவை உள்ளே கூப்பிடுகிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது பாடவேளையில், ஆடியோவோ வீடியோவோ வந்தால் என்ன பார்ப்பது என்று பேசுவோம். தேதி சொல்கிறதா? அந்த நாளும் வேளையும் தந்தைக்குத் தவிர யாருக்கும் தெரியாது என்று இயேசுவே சொல்லியிருக்கிறார், மாதா அதற்கு மாறாகப் பேச மாட்டார். பணம் கேட்கிறதா? பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்கிறதா? பங்குத்தந்தையையும் ஆயரையும் திருத்தந்தையையும் நம்பாதே என்கிறதா? நம்மை இயேசுவிடம் அனுப்புகிறதா, காட்சி கண்டவரிடம் கட்டிப்போடுகிறதா? கானாவூரில் மாதா சொன்னது ஒரே வரி: "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்." அந்த வரியோடு ஒத்துப்போகாத எந்தச் செய்தியையும் பிள்ளை தைரியமாகத் தள்ளிவைக்கலாம். பணம், அதிகாரம், புகழ் தேடுவதை ரோமின் விதிமுறையும் எதிரான அடையாளமாகவே எண்ணுகிறது.

அம்மாச்சிகள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். "பாட்டி, இது தப்பு" என்று வீட்டில் போய்ச் சண்டை போடச் சொல்லாதீர்கள். "பாட்டி, இதை ஃபாதர்கிட்ட கேட்டுட்டு மத்தவங்களுக்கு அனுப்பலாமா?" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் பங்கின் அன்பியக் கூட்டங்களில் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் கூட்டங்கள்) இந்த ஒரு கேள்வி நிறைய ஃபார்வேர்டுகளை நிறுத்தியிருக்கிறது.

சக ஆசிரியர்களுக்காக இன்னொன்றும் எழுத வேண்டும். இதை யாரும் நமக்குப் பயிற்சியில் சொல்லித்தருவதில்லை. ஒரு பிள்ளை வந்து, "மிஸ், நான் மாதாவைப் பார்த்தேன்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

லூர்தில் மாதாவைப் பார்த்த பெர்னதெத்துக்கு 1858இல் 14 வயது. பங்குச்சாமியார் கண்டிப்பாகப் பேசினார், போலீஸ் அதிகாரி விசாரித்தார், ஆணையம் அமைந்தது, ஆயர் தீர்ப்பு சொல்ல 1862 ஜனவரி ஆகிவிட்டது. அதே 1858இல் லூர்திலேயே, கெபியில் தாங்களும் பார்த்ததாகச் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல, அவர்களில் பிள்ளைகள் நிறைய. அவர்கள் எல்லாரும் பொய் சொல்ல வேண்டும் என்று கிளம்பியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஊரே ஒன்றைப் பேசும்போது பிள்ளை மனதுக்கு அது கண்ணில் தெரியும். இன்று அந்தப் பிள்ளைகள் இருந்திருந்தால் ஒவ்வொருவர் பின்னாலும் பத்து செல்போன் நின்றிருக்கும்.

எனக்கு ஒருமுறை நடந்தது. ஆறாம் வகுப்புப் பையன், மழை விட்ட ஒரு சாயங்காலம் கெபியில் மாதா சுரூபத்தின் முகத்தைச் சுற்றி வெளிச்சம் பார்த்ததாக வந்து சொன்னான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அவனை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே கேட்டேன். "மாதா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, கேட்கவில்லை. நாம் கேட்டால் பிள்ளை பதில் தேட ஆரம்பிக்கும். உண்மை என்றும் சொல்லவில்லை, பிரமை என்றும் சொல்லவில்லை. போட்டோ எடுக்கவில்லை, வகுப்பு குரூப்பில் போடவில்லை, ஸ்டாஃப் ரூமில் பேசவில்லை. தலைமையாசிரியரான சிஸ்டரிடமும் பெற்றோரிடமும் மட்டும் சொன்னேன். பிறகு பங்குத்தந்தையிடம். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, தூக்கம் எப்படி, சாப்பிடுகிறானா என்று பள்ளி ஆலோசகர் மெதுவாகப் பேசிப் பார்த்தார். அந்தச் சமயம் அவன் பாட்டி இறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "நீ பார்த்ததை மனசுல வச்சுக்கோ. ஜெபம் பண்ணு. திரும்ப ஏதாவது சொல்லணும்னு தோணுச்சுன்னா எப்ப வேணா வா."

அவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் பீடத்தில் உதவுகிறான், கணக்கில் கொஞ்சம் தடுமாறுகிறான், ஃபுட்பால் நன்றாக ஆடுகிறான். அந்த வெளிச்சத்தைப் பற்றி அவனும் திரும்பப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.