காசா, ஈயமா, பேட்டரியா?

தங்கச்சிமடத்திலிருந்து அக்கா போன் செய்தபோது காலை 11 மணி இருக்கும். "சின்னவன் எதையோ முழுங்கிட்டான்டா" என்றாள். எதையோ என்றால் எதை? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. திண்ணையில் மச்சான் வலையைப் பரத்திப் போட்டு அறுந்த கண்ணிகளைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு சிரட்டை நிறைய கழற்றிவைத்த ஈயக்குண்டுகள். அம்மா சுருக்குப்பையைக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்த சில்லறை பாயில் கிடந்தது. மாதா படத்துக்கு முன்னால் வைக்கிற, மெழுகுவர்த்தி மாதிரி மினுக்குகிற சின்ன பிளாஸ்டிக் விளக்கு ஒன்றும் அடிமூடி திறந்தபடி அங்கேயே கிடந்தது. இதற்கெல்லாம் நடுவில் இரண்டரை வயதுப் பையன் ஒருமுறை குமட்டி, கண்ணில் தண்ணீர் வர விழித்து, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்திருக்கிறான். ஒரே சாட்சி அவனுடைய ஐந்து வயது அக்காள். முதலில் காசு என்றாள், பிறகு குண்டு என்றாள், அப்பா அதட்டியதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

காசா, ஈயமா, பேட்டரியா? மூன்றுக்கும் வேறு வேறு பதில். ஒன்றில், இரைப்பைக்கு இறங்கிவிட்டது என்று தெரிந்தால் வீட்டிலேயே காத்திருக்கலாம், இன்னொன்றில் ஒரு நாளைக்குள் பார்க்க வேண்டும், மூன்றாவதில் நிமிடக் கணக்கு.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது மூச்சு. பொருள் போனது உணவுக்குழாய்க்கா, மூச்சுக்குழாய்க்கா என்பதுதான் முதல் பிரிவு. நாம் விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறி, அதன் மூடி சாய்ந்து, மூச்சுக்குழாயின் வாசல் அடைபடும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த ஒத்திசைவு இன்னும் முழுதாகப் பழகியிருக்காது. வாயில் காசை வைத்துக்கொண்டு சிரிப்பது, ஓடுவது, அழுவது எல்லாம் அதனால்தான் ஆபத்து. பிள்ளை சத்தமாக இருமினால் இருமட்டும், அந்த இருமலைவிட நல்ல கருவி நம் கையில் இல்லை. சத்தமே வராமல், அழ முடியாமல், உதடு நீலமானால் உடனே செயல்பட வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு, பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்து, மாறி மாறி. அதற்கு மேற்பட்ட வயதென்றால் முதுகில் 5 தட்டு, பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளும் மேலுமாக 5 இழுப்பு. ஒருவர் 108-க்குப் பேசட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக் கூடாது, துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும்.

எங்கள் பையனுக்கு மூச்சு நன்றாக இருந்தது. ஆனால் அதற்குள் அம்மா வாழைப்பழத்தை உரித்துவிட்டாள். மீன்முள் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்கிற ஊர் இது, அந்த நியாயம்தான். "குடுக்காதீங்க" என்று போனில் நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பொருள் உணவுக்குழாயில் நிற்கிறது என்றால் பழம் அதன் தலையில்தான் போய் உட்காரும். எடுப்பதற்கு மயக்கமருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாப்பிட்டது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. விழுங்கும்போது வழிதவறாத பொருள் திரும்பி வரும்போது தவறலாம்.

உணவுக்குழாய் ஒரே அகலமான குழாய் இல்லை, மூன்று இடத்தில் குறுகும். கழுத்தெலும்பு மட்டத்தில், அதன் நுழைவாசலில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கிய காசு நின்றால் பெரும்பாலும் அங்கேதான். அடுத்தது இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைந்து குழாயை அழுத்தும் இடம். கடைசியாக இரைப்பையின் வாசல். எங்கே நின்றாலும் பிள்ளைக்கு எச்சில் வடியும், சாப்பாட்டைத் தள்ளும், கழுத்தைக் காட்டி அழும். அப்படி எதுவுமே இல்லாமலும் இருக்கலாம், அதுதான் பொல்லாதது. சிரித்துக்கொண்டே இருந்த எங்கள் பையனைப் பார்த்து மச்சான், "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார். விளக்கின் மூடி திறந்து கிடக்கிறது என்பதை அக்கா சொல்லியிருக்காவிட்டால் நானும் சரி என்றிருப்பேனோ என்னவோ.

அந்த விளக்கில் போடுவது சி.ஆர். 2032 என்கிற லித்தியம் பேட்டரி. எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2019-இல் வந்த புதிய ஒரு ரூபாய்க் காசும் அதே 20 மில்லிமீட்டர்தான். பிள்ளையின் கைக்கு இரண்டுக்கும் வித்தியாசமில்லை, தொண்டைக்கு உண்டு. நிறைய பேர் நினைக்கிற மாதிரி பேட்டரி உடைந்து உள்ளிருக்கும் மருந்து கசிவதால் மட்டும் வருகிற ஆபத்து இல்லை இது. ஈரமான சதை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்ததும் 3 வோல்ட் மின்சாரம் அந்த ஈரத்தின் வழியே ஓடுகிறது. எதிர்முனைப் பக்கம் தண்ணீர் பிரிந்து காரம் உண்டாகிறது, சுண்ணாம்புக் கரைசலும் சலவைச் சோடாவும் எந்த ஜாதியோ அந்த ஜாதி. காரம் சதையைக் கிட்டத்தட்ட சோப்பாக்கிக் கரைத்தபடி ஆழமாக இறங்கும். 2 மணி நேரம் போதும் பெரிய புண்ணுக்கு. ரிமோட்டுக்குப் போதாத, தீர்ந்துபோன பேட்டரி என்று தூக்கிப்போட்டதிலும் இதற்குத் தேவையான மின்சாரம் மிச்சம் இருக்கும். பெருந்தமனி பக்கத்திலேயே ஓடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்: பேட்டரியை எடுத்த பிறகும் புண் பல நாள் பரவி அந்தத் தமனியை எட்டிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள்.

இதில் மட்டும் வாய் வழியாகக் கொடுக்கக்கூடிய ஒன்று உண்டு, தேன். 2018-இல் பன்றிக்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வில், தேன் பேட்டரியைச் சுற்றிப் படலமாக நின்று காரத்தைத் தணித்துப் புண்ணைக் குறைத்தது தெரிந்தது. பேட்டரி என்று சந்தேகம், விழுங்கி 12 மணி நேரத்துக்குள், பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது, விழுங்க முடிகிறது என்றால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி, அதிகபட்சம் 6 முறை. வண்டியில் போய்க்கொண்டே கொடுப்பது இது, வீட்டில் உட்கார்ந்து செய்கிற வைத்தியம் இல்லை. ஒரு வயதுக்குள் தேனே ஆகாது.

தங்கச்சிமடம் இருக்கும் ராமேஸ்வரம் தீவிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் வர ஒரு மணி நேரம், மதுரைக்கே போக வேண்டுமென்றால் மூன்று மணி நேரம். இந்தக் கணக்கைத் தொண்டைக்குள் இருக்கும் பேட்டரியின் இரண்டு மணி நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால் கடற்கரைக்காரர்கள் ஏன் "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று சொல்லக் கூடாது என்பது புரியும். பாலத்தில் வண்டியை நிறுத்திக் கடலைப் படம் எடுப்பவர்களைப் பற்றி அன்று அக்கா சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அக்கம்பக்கத்தில் தேன் கிடைக்கவில்லை. நான் ராமநாதபுரத்தில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன்.

எக்ஸ்ரே வந்தது. வெள்ளையாக ஒரு வட்டம். ஈயக்குண்டு இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அது உருண்டை, நடுவில் துளை இருக்கும். ஆனால் காசும் வட்டம், பேட்டரியும் வட்டம். டாக்டர் படத்தைப் பெரிதாக்கி விளிம்பை மட்டும் பார்த்தார். பேட்டரி என்றால் விளிம்புக்குள் இன்னொரு வளையம் தெரியும், பக்கவாட்டுப் படத்தில் ஓரத்தில் ஒரு படி மாதிரி இறங்கும், இரண்டு மூடிகளைப் பொருத்திய இடம் அது. எங்கள் வட்டத்துக்கு ஒரே விளிம்பு. நிற்கும் இடமும் நெஞ்சு இல்லை, இரைப்பை. "காசுதான், வீட்டுக்குப் போங்க" என்றார். பிளாஸ்டிக் மணி, மரத்துண்டு, பல சமயம் மீன்முள்கூட எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே படம் சுத்தமாக இருந்து பிள்ளைக்கு மட்டும் எச்சில் வடிந்துகொண்டே இருந்தால் படத்தை நம்பாதீர்கள், பிள்ளையை நம்புங்கள்.

ஈயம் என்றால் என்ன ஆகியிருக்கும்? ஒரு ரூபாய்க் காசு துருப்பிடிக்காத எஃகு, இரைப்பை அமிலத்துக்கு அது அசையாது. ஈயம் மெதுவாகக் கரைந்து ரத்தத்தில் கலக்கும். சின்னப் பிள்ளைகளின் குடல் ஈயத்தைப் பெரியவர்களைவிடப் பல மடங்கு உறிஞ்சும், போய்ச் சேர்வது மூளையையும். குண்டு இரைப்பையில் தங்கிவிட்டால், பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று விடாமல் குழாய் விட்டு எடுத்துவிடுவார்கள், ரத்தத்தில் ஈய அளவையும் பார்ப்பார்கள். நம் கரையில் வலையும் பிள்ளையும் ஒரே திண்ணையில்தான் வளர்கின்றன, ஆனால் ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நெரிக்கிற பழக்கத்தைக்கூட யாரும் தப்பென்று நினைப்பதில்லை. தூண்டில் முள், ஊக்கு போன்ற கூர்மையானவை வேறு கதை, இரைப்பைக்குள் இருக்கும்போதே எடுப்பதுதான் வழக்கம். காந்தம் ஒன்றுக்கு மேல் போயிருந்தால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பிடித்த இடத்தில் ஓட்டை விழும். உடனே ஓடுங்கள்.

சரி, காசு எப்படி வெளியே வருகிறது? இரைப்பையின் மறுவாசல் சாப்பாட்டைக் கூழாக அரைத்து ஓரிரு மில்லிமீட்டர் துணுக்கானால்தான் விடும். காசை அரைக்க முடியாது, அதனால் சாப்பாட்டு நேரத்தில் அது உள்ளேயே புரண்டுகொண்டிருக்கும். வயிறு காலியானதும், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்து சிறுகுடல் நெடுக ஒரு பலமான அலை ஓடும். கடை சாத்திய பிறகு பெருக்குவது மாதிரி. அப்போது வாசலும் அகலத் திறக்கும், மிச்சம் மீதியோடு காசும் தள்ளப்படும். இப்படி இரைப்பைக்கு வந்துவிட்ட பொருள்களில் பெரும்பாலானவை தானாகவே வெளியேறும். பொதுவாக நாலைந்து நாள், சில சமயம் நாலு வாரம் வரைகூட ஆகும். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அகலமோ 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமோ இருந்தால் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம், பத்து ரூபாய்க் காசு 27 மில்லிமீட்டர் என்பதைக் கவனியுங்கள். பேதிமருந்து வேண்டாம். வழக்கமான சாப்பாடே போதும். வயிறு வீங்கி வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், காய்ச்சல் வந்தால், மலம் கறுத்தால் அல்லது அதில் ரத்தம் தெரிந்தால் திரும்பப் போக வேண்டும்.

மீதி வேலை மலத்தைப் பார்ப்பது. அக்கா பழைய டீ வடிகட்டி ஒன்றை அதற்கென்று ஒதுக்கி, தண்ணீர் ஊற்றிக் குச்சியால் கலக்கி, தினமும் இரண்டு முறை தேடினாள். மச்சான் அந்தப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் காலை வடிகட்டியில் சத்தம் கேட்டது. கொஞ்சம் கறுத்த ஒரு ரூபாய். அம்மா அதை மாதா கோயில் உண்டியலில் போட்டுவிட்டாள், கழுவித்தான்.