மீல் மேக்கர் சப்பென்று இருக்கிறதா? கரம் மசாலா டப்பாவை மூடுங்கள்

புரட்டாசி பிறந்தால் போதும், ஒரே புகார் வரிசை கட்டி வந்துவிடும். "மீல் மேக்கர் குழம்பு வெச்சேன். குழம்பு நல்லாருக்கு, உருண்டையைக் கடிச்சா சப்புனு இருக்கு. இன்னும் ரெண்டு ஸ்பூன் கரம் மசாலா போட்டுப் பார்த்தேன், அப்பவும் சரியா வரலை. வேற என்ன மசாலா போடணும்?"

எதுவும் போட வேண்டாம். போட்டதே அதிகம்.

சமையல் வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் கை தானாக டப்பாவுக்குப் போகும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மசாலா என்பது மணம், ருசி அல்ல. ஒரு சோதனை செய்து பாருங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிட்டிகை கரம் மசாலாவை நாக்கில் வையுங்கள். லேசான கசப்பு, கொஞ்சம் துவர்ப்பு, மண்ணை நக்கியது போல இருக்கும், அவ்வளவுதான். மூக்கை விட்டால்தான் பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் வந்து நிற்கும். அதாவது அவற்றுக்கு வேலை மூக்கில். நாக்குக்கு வேண்டியது உப்பு, புளிப்பு, துளி இனிப்பு, இவற்றோடு இன்னொன்று: 1908-இல் டோக்கியோ பேராசிரியர் கிகுனே இகேடா, கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து 'உமாமி' என்று பெயர் வைத்த சுவை. சூப்பைக் குடித்ததும் வாயெல்லாம் நிறைந்தது போல இருக்கிறதே, அதுதான். இந்த நான்கும் இல்லாத உருண்டையின்மேல் மணத்தை எவ்வளவு கொட்டினாலும் குழம்பு கமகமக்கும், உருண்டை சப்பென்றுதான் இருக்கும். இரண்டு ஸ்பூனுக்கு மேல் போனால் கசப்பும் சேரும். அந்தக் கசப்பை அடக்கச் சர்க்கரை போடுவார்கள், அது தித்திக்கிறதென்று எலுமிச்சை பிழிவார்கள். கடைசியில் அது எந்தக் குழம்பு என்று வைத்தவருக்கே தெரியாது.

"அதே மசாலா மட்டனுக்கு நல்லா இருக்கே?" இருக்கும். கறிக்குள் கொழுப்பு இருக்கிறது, குளுட்டமேட் இருக்கிறது, அதன் ருசியைத் தூக்கிக் கொடுக்கும் இனோசினேட்டும் இருக்கிறது. வேகவேக இவையெல்லாம் இறங்கிக் குழம்புக்கு ருசி கொடுக்கும். மீல் மேக்கர் அப்படி அல்ல. எண்ணெய் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சிய சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் தள்ளிப் பொரியவைத்த பண்டம். பாதிக்குப் பாதி புரதம், கொழுப்பு ஏறக்குறைய இல்லை, உப்பு இல்லை. குழம்புக்குக் கொடுக்க அதனிடம் எதுவுமே கிடையாது. வாங்க மட்டும்தான் தெரியும். அதுவும் வயிறு நிறையும் வரைதான் வாங்கும்.

நாம் செய்யும் தப்பு இங்கேதான். காய்ந்த உருண்டை தன் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு நீரை உறிஞ்சும். அந்த மூன்று மடங்கையும் வெறும் தண்ணீராலேயே நிரப்பிவிடுகிறோம். பிறகு குழம்பில் போட்டுப் பத்து நிமிடம் கொதித்தால் எது உள்ளே போகும்? இடம் ஏது?

100 கிராமுக்குக் கணக்கு சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு, உருண்டைகளைச் சேர்த்து 5 நிமிடம் வேகவிடுங்கள். வடித்ததும் பச்சைத் தண்ணீரில் கொட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பிழியுங்கள். முறுக்க வேண்டாம், பிய்ந்துவிடும். நுரை நுரையாக வெளியே வரும். நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும். அந்தச் சோயா வாடை போவது இந்த இடத்தில்தான், மசாலாவால் அல்ல. எண்ணெய் எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சக் கொழுப்பு காற்றுபட்டுக் கெடுவதால் வரும் வாடை அது. பாக்கெட்டைப் பிரித்து மாதக்கணக்கில் டப்பாவில் வைத்திருந்தால் இன்னும் தூக்கலாக அடிக்கும்.

இனி இரண்டாவது தண்ணீர். பலரும் விட்டுவிடும் படி இது. 300 மில்லி சுடுநீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், ஒரு டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டேபிள்ஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசல், இரண்டு டீஸ்பூன் எண்ணெய். பிழிந்த உருண்டைகளை இதில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனிலேயே இரண்டரை கிராம் அளவுக்கு உப்பு இருக்கும், அதனால்தான் உப்பு அரை டீஸ்பூன். சோயா சாஸ் பிடிக்காதென்றால் உப்பை முக்கால் டீஸ்பூனாக்கி, சாஸுக்குப் பதில் அரைத்த தக்காளி இரண்டு டேபிள்ஸ்பூன் விடுங்கள். ஊறியதும் லேசாகப் பிழிந்து எடுத்துக்கொண்டு, அந்த நீரைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீழே கொட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள்.

இப்போது ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். இந்த நிலையிலேயே வாய்க்கு நன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உப்பைச் சரிசெய்து இன்னும் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். இங்கே தேறாத உருண்டை குழம்பில் போய்த் தேறாது.

அடுத்தது வறுப்பது. இரும்புச் சட்டியில் மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய் காயட்டும். உருண்டைகளை ஒரே அடுக்காகப் பரப்பி, ஓரம் சிவக்கும்வரை ஏழெட்டு நிமிடம் வறுக்க வேண்டும். கறி வறுவலின் அந்த வாசம் மேற்பரப்பு சிவப்பதால் வருவது. அதற்கு 140 டிகிரிக்கு மேல் சூடு தேவை. ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஒரே ஈடாக அரைக் கிலோவைக் கொட்டினால் அது வறுபடாது, அவிந்துபோகும். இரண்டு ஈடாக வறுங்கள்.

"எண்ணெயைக் குறைக்கலாமா?" கேட்பீர்கள் என்று தெரியும். குறைக்கலாம், ருசியும் குறையும். மசாலா மணம் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் அல்ல. ஆட்டுக்கறி தன் கொழுப்பைத் தானே கொண்டு வருகிறது, மீல் மேக்கருக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். எண்ணெயே ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் சுண்டலோ கூட்டோ செய்து சாப்பிடுங்கள், அது எவ்வளவோ மேல்.

குழம்புக்கு 200 கிராம் சின்ன வெங்காயம், மூன்று பழுத்த தக்காளி. அவசரப்பட வேண்டாம். வெங்காயம் பொன்னிறமாகி, தக்காளி சுருண்டு எண்ணெய் பிரிய எப்படியும் கால் மணி நேரம் பிடிக்கும். தக்காளியில் குளுட்டமேட் நிறைய, சுண்டச் சுண்ட அது திரளும். கறியின் வாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம் கந்தகச் சேர்மங்கள். வெங்காயமும் பூண்டும் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். விரதத்துக்கு இரண்டும் ஆகாதென்றால் கட்டிப் பெருங்காயம் ஒரு சிறு துண்டை எண்ணெயில் பொரியவிடுங்கள், அதிலும் கந்தகம்தான் பேசுகிறது. தாளிப்பில் கல்பாசி ஒரு சிறு துண்டு போதும். எண்ணெயில் வாட்டினால் புகை கலந்த காட்டு வாசம் வரும், கைநிறையப் போட்டால் கசக்கும். சோம்பு, கசகசா, ஐந்து முந்திரி, மூன்று டேபிள்ஸ்பூன் தேங்காய் அரைத்து விட்டால் பரோட்டாக் கடை சால்னாவின் நிறைவு கிடைக்கும். கறித்துண்டே கண்ணில் படாத சால்னாவுக்கு எத்தனை பேர் அடிமை என்று யோசித்துப் பாருங்கள். கரம் மசாலா? இறக்கும்போது கால் டீஸ்பூன்.

உப்புக்கு ஒரு பொதுக் கணக்கு: பொருளும் குழம்புமாக ஒரு கிலோவுக்கு 10 முதல் 12 கிராம், அதாவது தூளுப்பு என்றால் தலைதட்டிய இரண்டு டீஸ்பூன். கல்லுப்பை அதே ஸ்பூனில் அளந்தால் எடை குறைவாக நிற்கும், ருசி பார்த்துக் கூட்டுங்கள். ஊறலில் போட்டதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு படி போக விரும்புகிறவர்களுக்கு, காய்ந்த ஷிடாகே காளான். 10 கிராமை 300 மில்லி குளிர்ந்த நீரில் இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு, முன்பு சொன்ன இரண்டாவது தண்ணீரில் சுடுநீருக்குப் பதிலாக இதை விடுங்கள். இதில் இனோசினேட்டைப் போலவே ருசியைத் தூக்கும் குவனிலேட் இருக்கிறது. அது தக்காளியின் குளுட்டமேட்டோடு சேரும்போது ருசி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். அஜினோமோட்டோ போடலாமா என்று தணிந்த குரலில் கேட்பவர்களுக்கு: அதில் இருப்பதும் தக்காளியில் இருக்கும் அதே குளுட்டமேட்தான், சோடியத்தோடு சேர்ந்தது. மனம் ஒப்பவில்லையென்றால் விட்டுவிடுங்கள், இத்தனை நேரம் சொன்னதெல்லாம் அது இல்லாமல் செய்வதற்குத்தான்.

காளானுக்கு வருவோம். "தண்ணி விட்டுடுச்சு" என்பது அடுத்த பெரிய புகார். விடத்தான் செய்யும், பத்தில் ஒன்பது பங்கு அது தண்ணீர். கழுவியதால் அல்ல, வேகமாக அலசி எடுத்தால் காளான் அவ்வளவாக நீர் குடிக்காது. தயவுசெய்து மண்ணோடு சமைக்காதீர்கள். பெரிய துண்டாக நறுக்கி, காய்ந்த அகலச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் பெருந்தீயில் போடுங்கள். நீர் விட்டு, அந்த நீர் வற்றி, சட்டியில் ஒட்டத் தொடங்கும்போது எண்ணெயும் மிளகும், கடைசியில் உப்பும். ரொம்ப வேகவிட்டால் குழைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். கத்தரிக்காய்க்கு உள்ள கவலை காளானுக்கு இல்லை. அதைத் தாங்கிப் பிடிப்பது கைட்டின் என்ற நார்ப்பொருள், சூட்டுக்கு அசையாது.

பன்னீர் ரப்பராகிறது என்றால், பொரித்ததும் உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போடுங்கள். டோஃபுவை ஒரு நாள் ஃப்ரீசரில் உறையவைத்து, பனி இளகியதும் பிழிந்தால் பஞ்சு போலக் கண் விட்டிருக்கும், குழம்பு உள்ளே இறங்கும்.

பலாப்பிஞ்சு நார்நாராகப் பிரிவதைப் பார்த்துக் கறிக்குச் சமம் என்று எழுதித் தள்ளுகிறார்கள். நார் மட்டும்தான் சமம். புரதம் 100 கிராமுக்கு இரண்டு மூன்று கிராம்தான், பக்கத்தில் பருப்போ பயறோ இருக்கட்டும். உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு விசில் போதும், நான்கு விட்டால் கூழ்.

இதெல்லாம் புதிதாக வந்த வித்தை என்று நினைக்காதீர்கள். சைவ மீன் குழம்பு வைப்பவர்கள் தட்டைப்பயறை ஊறவைத்து, உப்பும் மிளகாயும் சோம்பும் சேர்த்தே அரைத்து, ஆவியில் வேகவைத்து, துண்டு போட்டு, பொரித்து, பிறகுதான் புளிக்குழம்பில் போடுகிறார்கள். உள்ளே உப்பு, வெளியே சிவப்பு, பிறகு புளிப்பு. வரிசையைக் கவனியுங்கள். கோவை ரோட்டுக்கடைக் காளானில் பெரும்பங்கு முட்டைக்கோஸும் மைதாவும்தான், அங்கேயும் ருசி பொரிப்பில் இருக்கிறது.

கடைசியாக, சைவ விருந்தாளிக்குச் சமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெஜ் ஃப்ரைட் ரைஸில் ஆயிஸ்டர் சாஸ் ஊற்றாதீர்கள், அது சிப்பியின் சாறு. பழைய முறைப்படி செய்யும் வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கிறது. சிக்கன் பொரித்த எண்ணெயில் காலிஃபிளவரைப் போட்டுவிட்டு 'சுத்த சைவம்' என்று பரிமாறுவது ஏமாற்று வேலை, வேறு பெயர் இல்லை. மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் 'சைவ மட்டன்' பாக்கெட்டுகள் பல கோதுமைப் பசையத்தால் (குளூட்டன்) ஆனவை, சிலவற்றில் முட்டை வெண்கருவும் உண்டு. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள், கோதுமையோ சோயாவோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது விளையாட்டு அல்ல. பெரும்பாலும் உப்புப் போட்டே வரும், சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசிச் சமையுங்கள்.

ஊறவைத்த மீல் மேக்கரைக் காலையிலிருந்து மாலைவரை மேடையிலேயே வைக்கிறார்கள். ஈரமும் புரதமும் சேர்ந்தால் கறியைப் போலவே கெடும். உடனே சமைக்கவில்லை என்றால் பிழிந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். தொட்டால் வழுவழுத்தால் கழுவிப் பார்க்க வேண்டாம், குப்பையில் போடுங்கள்.