மெதுவான கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டால் திருகோணமலையில் பெரும்பாலும் இரண்டு முடிவுகள்தான் எடுக்கப்படும். ஒன்று, கடைக்குக் கொண்டுபோய் பார்மட் அடிப்பது. மற்றது, ‘பழசாப் போச்சு’ என்று ஒதுக்கிவிட்டுப் புதியதற்குக் காசு சேர்ப்பது. பார்மட் அடித்தால் சில வாரங்கள் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் பழையபடிதான். காரணம் என்னவென்று யாரும் பார்க்கவில்லையே!

பத்து வருடங்களுக்கு முன் வாங்கிய 3.4 கிகாஹேர்ட்ஸ் செயலி இன்றைக்கும் ஒரு செக்கனுக்கு 340 கோடி தடவை துடிக்கக்கூடியதுதான். வயதாவதால் மட்டும் அதன் துடிப்புக் குறைவதில்லை. மெதுவான கணினி என்பது அநேகமாகக் காத்திருக்கும் கணினி. எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

அதைப் பார்க்கக் காசு எதுவும் தேவையில்லை. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். உவர்மலையில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள். “அண்ணா, ஒரு பாஸ்ட் பேப்பர் திறக்கவே விடியுது, பார்மட் பண்ணித் தாறீங்களா?” என்று கேட்டாள். அவளுடைய திரையில் முதலில் இதைத்தான் திறந்தேன். சிபியூ, அதாவது செயலி, 9 சதவீதம். மெமரி 93 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம், சிவப்பாக. அதைவிட முக்கியமான ஒன்று கீழே இருந்தது: டிஸ்க் முழுமூச்சாக வேலை செய்தும், படித்த தரவு செக்கனுக்கு 1 மெகாபைட் கூட இல்லை.

முழு வேலை, ஆனால் விளைச்சல் இல்லை. இது எப்படி நடக்கிறது?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணினியில் வழக்கமாக நிமிடத்துக்கு 7200 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். வேண்டிய தரவு, அதைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஏறக்குறைய 9 மில்லிசெக்கன். மொத்தம் 13 மில்லிசெக்கன் அளவு. ஒரே இடத்தில் வரிசையாகக் கிடக்கும் பெரிய வீடியோவைப் படிக்க இது தடையில்லை, தலை ஒருமுறை போய் உட்கார்ந்தால் போதும். ஆனால் தட்டெங்கும் சிதறிக் கிடக்கும் 4 கிலோபைட் துண்டுகளைப் பொறுக்கச் சொன்னால், செக்கனுக்கு 75 துண்டுதான் முடியும். பெருக்கிப் பாருங்கள்: 300 கிலோபைட். நூறு மெகாபைட்டைத் தாண்டி ஓடக்கூடிய அதே டிஸ்க், துண்டு பொறுக்கும்போது இப்படி ஆகிவிடுகிறது.

அந்த 4 கிலோபைட் துண்டுகளை யார் கேட்கிறார்கள்? ரேம், அதாவது டாஸ்க் மனேஜர் மெமரி என்று காட்டும் தற்காலிக நினைவகம், நிரம்பினால் விண்டோஸ் போன்ற இயங்குதளம் ஒரு உபாயம் செய்யும். இப்போதைக்குத் தேவைப்படாத துண்டுகளை (இவற்றைப் ‘பக்கங்கள்’ என்பார்கள்) டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அந்த இடத்தை வேறு நிரலுக்குக் கொடுக்கும். 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் வந்த உத்தி இது. அருமையான உத்திதான். ஆனால் ஒரு எல்லையைத் தாண்டினால், வெளியே அனுப்பிய பக்கமே அடுத்த கணம் தேவைப்படும். அதைக் கொண்டுவர இன்னொன்றை அனுப்ப வேண்டும், உடனே அதுவும் வேண்டும். கணினி பக்கங்களை மாற்றி மாற்றி ஏற்றி இறக்குவதிலேயே நேரத்தைச் செலவழிக்கும். 1968இல் பீட்டர் டென்னிங் என்ற கணினி அறிஞர் இந்த நிலை ஏன் வருகிறது என்று தெளிவாக விளக்கினார்: ஓடுகின்ற நிரல்களுக்கு அந்தந்த நேரத்தில் உண்மையில் தேவையான பக்கங்களின் கூட்டுத்தொகை ரேமைவிடப் பெரிதானால், வேகம் படிப்படியாகக் குறையாது, திடீரென்று விழும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த கணினி, இன்னும் இரண்டு டேப் திறந்ததும் உறைந்துபோவது இதனால்தான்.

ரேமில் ஒரு தரவை எடுக்க 100 நனோசெக்கன் என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு செக்கன் என்று பெருப்பித்தால், ஹார்ட் டிஸ்க்கின் 13 மில்லிசெக்கன் ஒன்றரை நாளாகிவிடும். தங்கச்சியின் கணினியில் 4 ஜிபி ரேம். அதில் விண்டோஸ், குரோமில் வரிசையாகத் திறந்த டேப்கள், பின்னணியில் இரண்டு அன்டிவைரஸ். ஒன்றை எடுத்துவிட்டோம். ஸ்டார்ட்டப் ஆப்ஸ் பட்டியலில் கணினியோடு சேர்ந்து எழும்பும் வேண்டாதவற்றை நிறுத்தினோம். அதிலேயே ஓரளவு மூச்சு வந்தது.

ஆனால் உண்மையான மாற்றம் வேண்டுமென்றால் பார்மட்டுக்குக் கொடுக்கும் காசை, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பூட்டும் எஸ்எஸ்டியில் போடுங்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன். அதில் சுழலும் தட்டு இல்லை, நகரும் தலை இல்லை. தொஷிபாவில் ஃபுஜியோ மசுஓகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் வழிவந்தது. எங்கே கிடக்கும் துண்டையும் ஏறக்குறைய 0.1 மில்லிசெக்கனில் எடுக்கும். 13ஐயும் 0.1ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய மேசைக் கணினியில் ஹார்ட் டிஸ்க் பூட்டும் சாட்டா இணைப்பிலேயே பூட்டலாம். ரேம் கூட்டுவதென்றால் உங்கள் கணினிக்குரிய ரேம் வகை டிடிஆர் 3ஆ, டிடிஆர் 4ஆ என்று பார்த்து வாங்குங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. எஸ்எஸ்டியை டிஃபிராக் (சிதறிய துண்டுகளை ஒன்றாக அடுக்குவது) செய்ய வேண்டாம். முழுக்க நிரப்பவும் வேண்டாம். ஃபிளாஷில் எழுதுவது சிறு பக்கமாக, அழிப்பது பெரிய தொகுதியாக. இடமில்லாவிட்டால் ஒன்றை எழுதப் பலவற்றை நகர்த்த வேண்டி வரும்.

‘ரேம் பூஸ்டர்’ என்று வரும் நிரல்களை ஒருபோதும் போடாதீர்கள். அவை செய்வது ரேமில் இருப்பதை வலிந்து டிஸ்க்குக்குத் தள்ளுவது. காட்டும் எண் அழகாக இருக்கும், அடுத்த சொடுக்கு மெதுவாக இருக்கும்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம். தொடங்கும்போது நன்றாக ஓடி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெதுவாகும் கணினி இருக்கிறதே, அது காத்திருப்பது குளிர்வதற்கு. செயலி சூடேறி எல்லையைத் தொட்டால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துடிப்பைத் தானே குறைக்கும். பல இன்டெல் செயலிகளில் அந்த எல்லை 100 பாகை செல்சியசை ஒட்டியது. டாஸ்க் மனேஜரில் சிபியூ பக்கத்தில், வேலை நடக்கும்போதே கிகாஹேர்ட்ஸ் எண் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கினால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏசி அறையில் 24 பாகை, சோளகம் வீசும் ஆடி மாதத்தில் நம் வீட்டு அறையில் 35 பாகை. அந்த 11 பாகையும் கிட்டத்தட்ட அப்படியே செயலியின் வெப்பத்தில் கூடும்.

அதோடு தூசி. பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அதற்குக் கீழே அலுமினியத் தகடுகளின் இடுக்குகளை மூடி, சாம்பல் நிறத்தில் கம்பளி போல ஒரு படலம் இருக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். உள்ளூர்க் கணினிகளில் அது விரலில் பிசுபிசுக்கும். கடலுப்புதான். சோளகக் காலத்தில் உலர்ந்த தூசி, ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று கடலிலிருந்து உப்பும் ஈரமும் கொண்டுவருகிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு அவ்வளவு ஈரப்பதன்கூட வேண்டாம். ஜன்னல் கம்பியையும் கேட் பிணைச்சலையும் தின்னும் அதே உப்பு, கணினிக்குள் இணைப்பு முனைகளில் உட்காரும். 8 ஜிபி போட்டிருந்தும் கணினி 4 ஜிபிதான் காட்டுகிறதென்றால், ஒரு ரேமின் முனை சரியாகத் தொடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, உலர்ந்த மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். காற்றடிப்பதானால் விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், கண்டபடி சுழன்றால் அதன் பேரிங் கெடும். ரேம் முனைகளை ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைக்கலாம். வெப்பப் பசை காய்ந்திருந்தால் பழையதைத் துடைத்துப் புதிதாக ஒரு துளி வையுங்கள். செயலிக்கும் அலுமினியத்துக்கும் நடுவே காற்றுப் புகுந்தால், பசையைவிட நூறு மடங்கு மோசமாக வெப்பத்தைக் கடத்தும். கடலுக்குப் பக்கத்து வீடென்றால் வாடைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. கணினியைக் கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் ஆபத்தானது. குறிப்பிட்ட ஒரு ஃபைலைத் திறக்கும்போது மட்டும் கணினி பல செக்கன்கள் உறைந்து, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், அது படிக்க முடியாத ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கிறது. மின்வெட்டுக்குப் பிறகு தொடங்கியதென்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் டிஸ்க் தானே பதிந்து வைத்திருக்கும் கணக்கைக் காட்டும். மாற்றப்பட்ட பகுதிகள் (Reallocated Sectors), தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பகுதிகள் (Current Pending Sectors) ஆகிய இரண்டு வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது பார்மட் அடிக்கக் கொடுக்காதீர்கள். வேறு டிஸ்க்கை இணைத்து, கலியாணப் படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் முதலில் பிரதி எடுங்கள். மற்ற ஃபைல்கள் அதற்குப் பிறகு.