டேப்லெட் என்றால் பலகைதான்

டேப்லெட்டுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. செய்தித்தாள்களில் 'கையடக்கக் கணினி' என்கிறார்கள், சிலர் 'கைக்கணினி' என்கிறார்கள், 'தட்டைக் கணினி' என்றுகூடப் பார்த்திருக்கிறேன், கடைக்குப் போனால் 'டேப்' என்ற ஒரே சொல்தான். தானியங்கி மொழிபெயர்ப்பில் போட்டால் சில நேரம் 'மாத்திரை' என்று வந்து நிற்கிறது. என் கட்சி 'பலகைக் கணினி'. அழகாக இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. இந்தக் கருவி எப்படிப் பிறந்தது, முதலில் அதை யார் எதற்காகச் செய்தார்கள் என்று பார்த்தால், அது பலகையாகத்தான் பிறந்திருக்கிறது.

முதலில் சொல். இலத்தீனில் 'தாபுலா' என்றால் பலகை. ரோமானியர்கள் சின்ன மரப்பலகையின் நடுவே லேசாகக் குழித்து, அதில் மெழுகை ஊற்றி ஆறவிட்டு, கூரான குச்சியால் அதன்மேல் கீறி எழுதினார்கள். எழுதியது வேண்டாம் என்றால் குச்சியின் தட்டையான மறுமுனையால் தேய்த்துச் சமப்படுத்திவிடலாம், மறுபடி புதுப்பலகை. அந்தக் குச்சிக்குப் பெயர் 'ஸ்டிலுஸ்', நாம் இன்று சொல்லும் ஸ்டைலஸ் அதுதான். தாபுலா பிரெஞ்சுக்குப் போய், அங்கே 'சிறிய' என்ற பொருள் தரும் விகுதி ஒட்டிக்கொண்டு, ஆங்கிலத்துக்கு வந்து டேப்லெட் ஆனது. மேசையைக் குறிக்கும் டேபிளும் அதே குடும்பம். ஆக டேப்லெட் என்றால் சிறுபலகை, அதுவும் எழுதி அழிக்கும் பலகை. சுமேரியர்கள் களிமண்ணில் ஆப்பு வடிவ எழுத்துகளைப் பதித்துக் காயவைத்தவற்றுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான் வழங்குகிறது.

மாத்திரைக்கு அந்தப் பெயர் வந்தது தட்டையாக அழுத்திச் செய்த வடிவத்தால். தமிழில் நாம் வடிவத்தைப் பார்த்து அதற்குப் பெயர் வைக்கவில்லை, அளவைப் பார்த்து வைத்தோம். மாத்திரை என்றால் அளவு, குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கணத்தில் படித்தோமே, அதே சொல். அதனால் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் இரண்டாகப் பிரிந்துதான் ஆகவேண்டும்.

சரி, எழுதும் பலகை என்ற பொருளில் தமிழில் இதற்கு முன் யாராவது எழுதியிருக்கிறார்களா? எழுதியிருக்கிறார்கள், ரொம்ப நாளாகவே. தமிழ் விவிலியத்தில் லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். பேச்சு அடைபட்டுப் போன சகரியா, பிள்ளைக்கு என்ன பெயர் என்று எல்லோரும் கேட்கும்போது எழுதிக் காட்டுவதற்காக ஒன்றைக் கேட்டு வாங்குகிறார். மொழிபெயர்த்தவர்கள் அதற்கு வைத்த சொல் 'எழுத்துப்பலகை'. அந்தக் காலத்து மெழுகுப் பலகைக்கு இதைவிடச் சரியான தமிழ் கிடைக்காது. மோசேயிடம் கொடுக்கப்பட்ட பத்துக் கட்டளைகள் இருந்ததும் 'கற்பலகை'தான்.

மதுரைப் பொற்றாமரைக் குளத்துச் சங்கப்பலகையையும் சிலர் இதற்குச் சான்றாக இழுப்பார்கள். அது புலவர்கள் உட்காரும் பலகை, எழுதும் பலகை அல்ல. அதை விட்டுவிடலாம்.

பலகை நமக்கு மட்டும் உரிய சொல்லும் அல்ல. மலையாளத்தில் பலக, கன்னடத்தில் ஹலகெ, தெலுங்கில் பலக. தெலுங்குக்காரர்களிடம் 'பலக' என்று சொன்னால் அவர்களுக்கு முதலில் நினைவு வருவது பள்ளிக்கூடத்துச் சிலேட்டு. அதில் எழுதும் குச்சி அவர்களுக்கு பலபம். நாம் சின்ன வயதில் பல்பம் என்று சொன்னோமே, அது பலப்பம்தான், தேய்ந்து பல்பம் ஆகிவிட்டது. கன்னடத்தில் பளப என்றால் அந்த மாவுக்கல்லையே குறிக்கும். எழுதுகோலுக்கும் எழுதுபலகைக்கும் தெற்கில் இவ்வளவு பழக்கமான சொற்கள் வைத்திருந்துவிட்டு, கருவி வந்த பிறகு சொல்லைத் தேடி அலைவது எனக்குத் தாங்கவில்லை.

என் சிலேட்டு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நான்கு பக்கமும் மரச்சட்டம், ஒரு மூலையில் ஆணி கழன்று ஆடும். மேல் சட்டத்துக்குக் கீழே ஒரு கம்பி, அதில் கோத்த சிவப்பும் மஞ்சளுமான மணிகள், கூட்டல் கழித்தல் போட. எழுதி எழுதிச் சிலேட்டு வெளிறிப் போனால் வேலியில் படர்ந்திருக்கும் கோவை இலையைப் பறித்து, அடுப்புக்கரியோடு சேர்த்துக் கசக்கிப் பூசி வெயிலில் வைப்போம், காய்ந்ததும் கன்னங்கரேல் என்று ஆகிவிடும், அதன்மேல் முதல் எழுத்து எழுதுவதற்கு வீட்டில் சண்டையே நடக்கும். எழுதும் இடமும் கணக்குப் போடும் இடமும் ஒரே சட்டத்துக்குள். பலகைக் கணினி என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணிகள்தான் ஞாபகம் வரும்.

இனி கருவிக்கு வருவோம். 1964-இல் அமெரிக்காவின் ரேண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் டேவிஸ், எல்லிஸ் என்ற இருவர் பத்து அங்குலச் சதுரத்தில் ஒரு மின்பலகை செய்தார்கள். பலகைக்குள் நெருக்கமான கம்பி வலை, மேலே கம்பி இணைத்த பேனா, பேனா எந்த இடத்தைத் தொடுகிறது என்று கணினிக்குத் தெரிந்துவிடும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரேண்ட் டேப்லெட்'. அது தனிக் கணினி அல்ல, அதில் திரை கிடையாது, எழுதுவதற்கான பரப்பு மட்டும்தான். கணினி உலகத்தில் இந்தச் சொல் அழுத்தமாகக் கால் வைத்த இடங்களில் இது ஒன்று, இங்கேயும் பொருள் எழுதுபலகைதான்.

அப்புறம் கணினி அறிஞர் ஆலன் கே. ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 1972-இல், குழந்தைகள் கையில் தூக்கிக்கொண்டு திரியக்கூடிய ஒரு கணினியைப் பற்றி எழுதினார். பெயர் டைனாபுக். அட்டையில் மாதிரி செய்தாரே தவிர, அவர் நினைத்தபடி கருவி வரவில்லை. பலரும் இதைத்தான் முதல் டேப்லெட் என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. படத்தில் திரைக்குக் கீழே விசைப்பலகை இருக்கிறது, அவரே வைத்த பெயரில் புத்தகம் இருக்கிறது. அது மடிக்கணினிக்கும் பலகைக்கும் பொதுவான பாட்டன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

கடைக்கு வந்து விலை போன கருவி என்றால் கிரிட்பேட். 1989. செய்தவர் ஜெஃப் ஹாக்கின்ஸ், கிரிட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தில். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் எல்லன்பியும் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர்தான், அவர்களுடைய கிரிட் காம்பஸ் மடிக்கணினி விண்வெளி ஓடத்திலேயே பறந்தது. ஹாக்கின்ஸுக்கு மூளை எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் ஆசை. அதைப் படிக்கப் பெர்க்லிக்குப் போனார், அங்கே இருக்கும்போது கையெழுத்தை அடையாளம் காணும் ஒரு முறையைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார், அதை வைத்து ஒரு கருவி செய்யலாமே என்றுதான் கிரிட்பேட் பிறந்தது.

இன்றைய கண்ணால் பார்த்தால் முரட்டுப் பொருள். எடை ஏறக்குறைய 2 கிலோ. கறுப்பு வெள்ளைத் திரை, 640க்கு 400 புள்ளிகள். உள்ளே ஓடியது எம்எஸ்-டாஸ், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம். விலை சுமார் 2,370 டாலர், மென்பொருள் தனி. விசைப்பலகை இல்லாமல் வேலை செய்வதற்காகவே செய்தது என்பதுதான் விஷயம். திரையில் ஒரு படிவம் வரும், பேனாவால் கட்டத்தில் குறி போடலாம், எழுத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து அச்சு போல எழுதினால் கருவி படித்துக்கொள்ளும். சேர்த்து ஓட்டி எழுதினால் படிக்காது. வாங்கியவர்களும் வீட்டு மக்கள் அல்ல, படிவமும் கையுமாக வெளியே நின்றுகொண்டு வேலை செய்கிறவர்கள்: காவல்துறை, இராணுவம், கிடங்குகளில் கணக்கெடுப்பவர்கள். அதுவரை அவர்கள் கையில் என்ன இருந்தது? கிளிப் வைத்த அட்டை, பரீட்சை அட்டை என்போமே, அது. அந்த அட்டையின் இடத்தில் வந்து உட்கார்ந்த கருவியைக் 'கையடக்கம்' என்று எப்படிச் சொல்வது? முன்கையில் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதும் 2 கிலோ பொருள் அது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஹாக்கின்ஸ் 1992-இல் பாம் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தத் தடவை சட்டைப்பைக்குள் போகிற கருவி வேண்டும் என்று முடிவு செய்து, முதலில் மின்சுற்று எதையும் தொடாமல், ஒரு மரக்கட்டையை அளவாக அறுத்து எடுத்துக்கொண்டார். சீன உணவு சாப்பிடும் குச்சி ஒன்றைச் சீவிப் பேனாவாக்கிக்கொண்டார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போவார், யாராவது அடுத்த வாரம் சந்திக்கலாமா என்று கேட்டால் மரக்கட்டையை எடுத்து அதன்மேல் குச்சியால் எழுதுவது போலச் செய்து பார்ப்பார், எந்தப் பொத்தான் எங்கே இருந்தால் கைக்கு வசதி என்று யோசிப்பார். நிஜமான மரப்பலகை, நிஜமான எழுத்தாணி. அந்தக் கட்டை இப்போது கலிபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலிருந்து 1996-இல் வந்ததுதான் பைலட். அதைத் தாராளமாகக் கையடக்கக் கணினி என்று சொல்லலாம், அந்தச் சொல் அதற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது.

பைலட்டில் இன்னொன்று செய்தார். எல்லோருடைய கையெழுத்தையும் கருவிக்குக் கற்றுக்கொடுப்பதற்குப் பதிலாக, கருவி குழம்பாமல் படிக்கக்கூடிய ஓர் எழுத்துமுறையை மனிதர்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று 'கிராஃபிட்டி'யைக் கொண்டுவந்தார். பெரும்பாலான எழுத்துக்கு ஒரே இழுப்பு. ஆங்கில 'ஏ' என்றால் நடுக்கோடு கிடையாது, ஏறி இறங்கும் கூரை மட்டும். இதைப் படித்தபோது எனக்கு ஓலைச்சுவடி நினைவுக்கு வந்தது. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓட்டை விழுந்து ஓலை கிழியும் என்று நம் ஏடெழுதியவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள், 'க'வா 'க்'கா என்று படிக்கிறவர்தான் இடம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதும் பரப்பு எதுவோ அதற்குத் தக்கபடி எழுத்தின் உருவம் மாறிவிடுகிறது, ஓலையிலும் அப்படித்தான், பைலட்டின் திரையிலும் அப்படித்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1993-இல் ஆப்பிளின் கையடக்கக் கருவி நியூட்டன் வந்தது, கையெழுத்தைத் தப்பும் தவறுமாகப் படித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. 2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியின் டேப்லெட் பதிப்பைக் கொண்டுவந்தது, அதுவும் பேனாவை நம்பித்தான். 2010-இல் ஐபேட் வந்து பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலைக் கொண்டுவந்தது, 680 கிராம் எடை, 9.7 அங்குலத் திரை. பொதுமக்களுக்கு டேப்லெட் என்ற சொல் பழகியது அதற்குப் பிறகுதான், அதனால்தான் அது எழுதும் பொருளிலிருந்து விலகி, பெரிய போன் போல ஆகிவிட்டது. ஆனால் 2015-இல் ஆப்பிளே ஐபேடுக்குத் தனியாக ஒரு பேனாவை விற்கத் தொடங்கியது.

பலகை என்றால் கனமாக, மரமாகத் தோன்றுகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். விசைப்பலகை பிளாஸ்டிக். பள்ளிக்கூடத்தில் சுவரில் சிமென்ட் பூசிக் கறுப்பு அடித்தால் அது கரும்பலகை. பெயர்ப்பலகை தகரம். மரம் என்ற பொருளைப் பலகை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. 'தட்டை' வடிவத்தை மட்டும்தான் சொல்கிறது, இன்று மடிக்கணினியும் தட்டைதான். 'கைக்கணினி' பைலட் மாதிரியான கருவிக்குப் பொருந்தும், பத்து அங்குலத் திரைக்குப் பொருந்தாது. பலகை மட்டும்தான் வடிவத்தையும் சொல்கிறது, அதில் எழுதலாம் என்பதையும் சொல்கிறது.

எழுதும்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இது. கருவி பலகைக் கணினி, இடையில் வல்லெழுத்து மிகும், க் விட்டுவிடாதீர்கள். முன்னே ஒரு தடவை முழுசாகச் சொல்லியாகிவிட்டால் பிறகு 'பலகை' என்றே போடலாம், 'பலகையில் படித்தேன்', 'பலகைக்குச் சார்ஜ் இல்லை' என்று பேச்சிலும் தடையில்லாமல் வருகிறது. படம் வரைகிறவர்கள் கணினியோடு இணைத்துக்கொள்ளும் திரையில்லாத பரப்பு, அதாவது ரேண்ட் டேப்லெட்டின் நேர் வாரிசு, அது வரைபலகை. சுமேரியர்களுடையது களிமண் பலகை. ஸ்டைலஸுக்கு எழுத்தாணி என்பதே போதும், 'மின்பேனா' என்று புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. மையில்லாமல் கூர்முனையால் பரப்பைத் தொட்டு எழுதுவது என்ற அதே வேலையைச் செய்யும் பொருளுக்கு அந்தப் பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.