தாளில் ஒளிந்திருக்கும் மஞ்சள் புள்ளிகள்

ரகசியத் தகவல் கொடுத்தவரின் பெயரைப் பத்திரிகை வெளியிடாமல் இருந்தால் போதாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. பத்திரிகை வாயைத் திறக்காவிட்டாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

2017 ஜூனில் தி இன்டர்செப்ட் என்ற அமெரிக்கச் செய்தித் தளம், அந்நாட்டு தேசியப் பாதுகாப்பு முகமையின் ரகசிய ஆவணம் ஒன்றை ஸ்கேன் செய்து வெளியிட்டது. கணினிப் பாதுகாப்பு நிபுணர் ராபர்ட் கிரகாம் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, அச்சான நேரத்தைச் சொல்லிவிட்டார்: மே 9, 6 மணி 20 நிமிடம். பிரிண்டரின் வரிசை எண்ணும் கிடைத்தது.

பல கலர் லேசர் பிரிண்டர்கள் பக்கம் முழுக்க நுண்ணிய மஞ்சள் புள்ளிகளைத் தூவுகின்றன. கள்ளநோட்டு அடிப்பவர்களைப் பிடிக்க வந்த ஏற்பாடு இது. வெள்ளைத் தாளில் மஞ்சள் கண்ணில் படாது. நீல ஒளி பாய்ச்சினால் மஞ்சள் மை அதை உறிஞ்சிக்கொள்ளும், புள்ளிகள் கறுப்பாக எழும்பும்.

இதைப் படிக்கும் முறைதான் அழகு. 2005இல் டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஒரு ஜெராக்ஸ் பிரிண்டரை வைத்து அதை அவிழ்த்தது. செங்குத்தாக 15 பத்தி, கிடையாக 8 வரிசை கொண்ட கட்டம். நாள், மணி, நிமிடம் என ஆளுக்கொரு பத்தி. கீழிருந்து மேலாக இடங்களின் மதிப்பு 1, 2, 4, 8, 16, 32, 64. புள்ளி உள்ள இடங்களைக் கூட்ட வேண்டியதுதான். 9ஆம் தேதி என்றால் 8, 1. ஆறு மணி 4, 2. இருபது நிமிடம் 16, 4. மே மாதத்துக்கு 4, 1. ஆண்டு 17க்கு 16, 1. சரி, எட்டாவது வரிசை எதற்கு? ஒவ்வொரு பத்தியிலும் புள்ளிகள் ஒற்றைப்படையில் வர வேண்டும். இந்த ஐந்திலுமே இரண்டிரண்டு புள்ளிகள்தான், அதனால் ஐந்தின் தலையிலும் இன்னொன்று ஏறும். ஒரு புள்ளி அழிந்தால் கணக்கு இடிக்கும், தவறு தெரிந்துவிடும்.

அந்த ஆவணத்தைக் கசியவிட்டதாகக் கைதான, முகமையின் ஒப்பந்தப் பணியாளர் ரியாலிட்டி வின்னருக்கு 63 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் புள்ளிகளால்தான் சிக்கினார் என்று சொல்ல முடியாது. உண்மையா என்று சரிபார்க்க ஆவணத்தின் நகல் அரசிடமே போயிருந்தது. மடிப்புத் தடம் அது அச்செடுத்த தாள் என்று காட்டியது. அலுவலகப் பதிவேட்டில் அதை அச்செடுத்தவர்கள் ஆறே பேர். அவர்களில் வின்னர் ஒருவர்தான் இன்டர்செப்ட் தளத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

செக்யூர்டிராப் போன்ற இணையவழி ரகசியப் பெட்டிகள் ஆவணம் வந்துசேரும் வழியை மறைக்கும். வந்த பிறகு காப்பது ஆசிரியர் குழுவின் பொறுப்பு. மூல ஆவணத்தின் படத்தை வெளியிடவே கூடாது, தட்டச்சு செய்துதான் போட வேண்டும் என்பது என் கருத்து. சரிபார்க்கும்போதும் நகலை நீட்டாமல் உள்ளடக்கத்தைச் சொல்லிக் கேட்கலாம். 2018இல் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கூடுதல் புள்ளிகளைச் சேர்த்து இந்தக் குறியீட்டைக் குழப்பும் மென்பொருளை இலவசமாகவே வெளியிட்டார்கள். பொதுப் பணம் இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகப் போக வேண்டும்.