எல்.என்.ஜி: நீர்ம இயற்கை எரிவளி

எல்.என்.ஜி இறக்குமதி பற்றிய செய்திகளில் அதைத் ‘திரவ எரிவாயு’ என்று சுருக்கி எழுதுவது பெரிய பிழை. ‘இயற்கை’ உதிர்ந்தால் பொருளே மாறிவிடும். திரவ எரிவாயு என்றால் வீட்டுச் சிலிண்டரில் உள்ள எல்.பி.ஜி. அது புரொப்பேன், பியூட்டேன் கலவை; சாதாரண வெப்பநிலையிலேயே அழுத்தினால் நீர்மமாகிவிடும். எல்.என்.ஜி பெரும்பாலும் மீத்தேன். மைனஸ் 82 டிகிரி செல்சியசுக்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் மீத்தேன் நீர்மமாகாது. அதனால்தான், தனியே அழுத்தாமலே நீர்மமாக நிற்கும்படி, மைனஸ் 162 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள். பருமன் ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருங்கும். குழாய் போட முடியாத கடலைத் தாண்டி இந்த எரிவாயுவை விற்க வழி செய்தது இந்தச் சுருக்கமே.

குளிர்விக்கும் முன் ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கியாக வேண்டும்; விட்டால் உறைந்து குழாயை அடைத்துவிடும். பாதரசம் நுண்ணளவு தங்கினாலும் அலுமினிய வெப்பமாற்றியை அரிக்கும். கப்பல் தொட்டிக்கு எவ்வளவு காப்பிட்டாலும் நாளொன்றுக்குச் சுமார் 0.1 விழுக்காடு சரக்கு ஆவியாகும். அதைப் பிடித்து எஞ்சினில் எரிப்பார்கள், அல்லது திரும்ப நீர்மமாக்குவார்கள். விலையோ எடையில் பேசப்படுவதில்லை. எரிவாயு எடுக்கும் இடத்துக்கு இடம் அதன் வெப்பத்திறன் மாறுவதால், பத்து லட்சம் பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) வெப்பத்துக்கு இத்தனை டாலர் என்பதே கணக்கு.

1959-இல் அமெரிக்காவின் லேக் சார்லசிலிருந்து ‘மீத்தேன் பயனியர்’ கப்பல் பிரிட்டனின் கேன்வே தீவுக்குச் சோதனைச் சரக்கு கொண்டுபோனது. 1964-இல் அல்ஜீரியா வணிக அளவில் அனுப்பத் தொடங்கியது. அண்டை நாட்டுக் குழாய் ஏதும் வராத ஜப்பான் 1969-இல் அலாஸ்காவிலிருந்து வாங்கத் தொடங்கி, பல பத்தாண்டுகள் உலகின் மிகப் பெரிய இறக்குமதியாளராக இருந்தது. 2021-இல் சீனா அதை முந்தியது. இந்தியாவுக்கு முதல் சரக்கு 2004-இல் கத்தாரிலிருந்து குஜராத்தின் தஹேஜுக்கு வந்தது. எண்ணூர் முனையம் 2019-இல் திறந்தது. அதன் கொள்ளளவு ஆண்டுக்கு 50 லட்சம் டன்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘கேஸ்’ என்பதை 17-ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வேதியியலாளர் வான் ஹெல்மோன்ட், ‘கேயாஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கினார். ‘வாயு’, ‘திரவம்’ இரண்டும் வடசொற்கள். சங்கப் பாடல்களில் காற்றைக் குறித்த ‘வளி’ நம்மிடம் இருக்கிறது. ‘நீர்மம்’ பாடநூல்களிலேயே புழங்குகிறது. ஆகவே ‘நீர்ம இயற்கை எரிவளி’ சரியான தமிழ். ‘திரவ இயற்கை எரிவாயு’ என்று எழுதினாலும் பொருள் கெடாது. கரையில் சூடாக்கி மீண்டும் வளிமமாக்கும் பணிக்கு ‘மீள்வளிமமாக்கம்’ பொருந்தும்.