சந்தா நாளில் மட்டும் வேண்டாம்

"சந்தேகம் ஏதாவது இருந்தால் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு மைக்கை நீட்டினேன். எதிரே முப்பது பெண்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பாட்டி மட்டும், டீ எப்போது வரும் என்று பக்கத்தில் விசாரித்தது காதில் விழுந்தது.

திண்டுக்கல் பக்கம் ஒரு சமுதாயக் கூடத்தில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி நாற்பது நிமிடம் படம் காட்டிப் பேசிய நாள் அது. பரிசோதனை இலவசம், வலிக்காது, ஐந்து நிமிட வேலை என்றெல்லாம் சொன்னேன். அந்த வாரம் வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் எங்கள் நர்ஸம்மாவின் சொந்தக்காரர்.

இன்னொருவர் மில் வேலைக்குப் போகிறவர், நாற்பதைத் தாண்டியவர். அடுத்த மாதம் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது, அவருடைய மகளிர் குழு ஒரு வீட்டுத் திண்ணையில் கூடியிருந்தது. அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். "சேலையை அவுக்கவெல்லாம் வேணாம்க்கா, தூக்கிவிட்டுப் படுத்தா போதும். மேல துணி போட்டுருவாங்க. கதவு தாழ் போட்டிருக்கும், ஆம்பளை யாரும் வரமாட்டாங்க. மருந்து தடவுறப்ப புளிச்ச வாடை வரும், லேசா காந்தும். பத்து மணி பஸ்ஸுல போனா பன்னெண்டு மணி பஸ்ஸுல திரும்பிடலாம்."

என் நாற்பது நிமிடப் பேச்சில் இதில் ஒன்றுகூட இல்லை. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸின் பெயர் இருந்தது.

நோயைப் பற்றித் தெரியாததால்தான் பெண்கள் வருவதில்லை என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அவர்களுக்குத் தெரிய வேண்டியதோ அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்பது. அதை என்னிடம் கேட்கக் கூச்சம். கேட்டாலும் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது, நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்பவள்.

இந்தப் பரிசோதனையின் பலன் உலகுக்குத் தெரிந்ததே எங்கள் மாவட்டத்திலிருந்துதான். அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் எளிய முறை. 2000 முதல் 2003 வரை பயிற்சி பெற்ற செவிலியர்கள் இங்கே 30 முதல் 59 வயதுப் பெண்களைச் சோதித்தார்கள். ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே அந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வெளியானது. சோதிக்க வேண்டிய 49,311 பேரில் வந்தவர்கள் 31,343. அந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வராத 18 ஆயிரம் பேர்தான் கண்ணில் படுகிறார்கள்.

அவர்களைக் கூட்டி வருவது யார்? ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடி கிராமங்களில் 2005 முதல் 2008 வரை ஒரு வழி செய்து பார்த்தார்கள். மாதம் ஒரு கூட்டம். நடத்துபவர் டாக்டரோ நர்ஸோ இல்லை, அதே ஊர்ப் பெண். படக் கதை சொல்வார்கள், விளையாடுவார்கள், தங்கள் ஊரில் எது சிக்கல் என்று தாங்களே முடிவு செய்வார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளில் பச்சிளம் குழந்தை இறப்பு 45 சதவீதம் குறைந்தது. ஆனால் இதே முறை வங்கதேசத்தில் முதலில் பலிக்கவில்லை. சுமார் 1,400 பேருக்கு ஒரு குழு என்றிருந்ததை 300 பேருக்கு ஒன்று என்று நெருக்கமாக்கிய பிறகுதான் பலன் தெரிந்தது. கூப்பிடு தூரத்தில் குழு இல்லாவிட்டால் யார் போவார்கள்?

நமக்கு மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. 1989-ல் தருமபுரியில் தொடங்கியது, இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். சரி, அங்கேயே பேசிவிடலாமே என்று நாங்களும் குழுவில் சந்தாவும் கடன் தவணையும் வசூலிக்கும் நாளைப் பிடித்தோம். அது தப்பு.

புரிய எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. தவணை கட்ட முடியாதவர் அன்று வரமாட்டார். கணவர் குடிக்கிறவர், நூறு நாள் வேலைப் பணம் கைக்கு வராதவர், ரத்தசோகையோடு இரண்டு வீட்டுப் பாத்திரம் தேய்ப்பவர், இவர்கள்தான் தவணை தவறுகிறவர்கள். யாரைத் தேடிப் போனோமோ அவரைத் தவிர எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இப்போது வேறு ஒரு நாள், மதியம் இரண்டரை மணிக்கு, பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் கூடுகிறோம். வசூல் கணக்கு நோட்டுப் புத்தகம் கொண்டுவரக் கூடாது என்று குழுவை நடத்தும் ஊக்குநரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் இருவருமே பேச மாட்டார்கள். "அவளுக்கு வெள்ளை படுதாம்" என்று மதியம் கேட்டது சாயங்காலத்துக்குள் தெருக்கோடிக்குப் போய்விடும். அதனால் இங்கும் கதைதான். படத்தில் இருக்கும் பெண்ணுக்குத்தான் எல்லாத் தொந்தரவும். அவளைச் சாக்கு வைத்துத் தன் கதையைச் சொல்லிவிடலாம்.

குழு சொல்வதெல்லாம் சரியாகவும் இருக்காது. வெள்ளைப்படுதல் உடம்புச் சூடு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று ஒருமுறை எல்லாரும் சேர்ந்து முடிவே கட்டிவிட்டார்கள். நர்ஸம்மா ஓரமாக உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். முதலில் பேச மாட்டார், தடம் மாறினால் மட்டும் வாய் திறப்பார். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால், உறவுக்குப் பின் ரத்தம் பட்டால், நாற்றத்தோடு நீர் போனால் பேசிக்கொண்டிருக்காமல் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இதை மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தில் அவர்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். டீயோடு விழுங்காதீர்கள் என்று நான் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். குமட்டுகிறது என்று மாத்திரையைக் குப்பையில் போட்டதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் படுத்தால் குமட்டல் தெரியாது என்று ஒரு பெண் குழுவில் சொன்னார். இப்போது நானும் அதைத்தான் சொல்கிறேன்.

போன கூட்டத்துக்கு, நாலு மாதமாகச் சந்தா பாக்கி வைத்திருக்கும் ஒருவர் வந்திருந்தார். கடைசிவரை வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. எல்லாரும் எழுந்த பிறகு மில் வேலைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: "எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் கேக்குறேன். எத்தனை மணி பஸ்ஸுன்னு சொன்னீங்க?"

"பத்து மணி. நானும் கூட வர்றேன்."